கடல் கடந்து பொருளியல் கற்ற பெருமகன்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அறியாதார் நம்மிடையே இலர். ஊர்தோறும் அவர் திருவுருவச் சிலை நிற்கின்றது. இல்லந்தோறும் அவர் படம் விளங்குகின்றது. அரசியல் சட்டத்தை வகுத்தளித்த மேதையென்றும், ஒடுக்கப்பட்ட மக்களின் விடிவெள்ளியென்றும் மேடைகளில் அவரைப் போற்றுகிறோம். ஆயினும் அப்பெருமகனார் வெளிநாடுகளில் தங்கி எதனைக் கற்றார் என்று நம் இளைஞரிடம் வினவினால், சட்டம் என்ற ஒரு விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. சட்டமும் கற்றார் என்பது உண்மையே. ஆனால் அவர் உலகின் இரு பெரும் கல்விக்கூடங்களில் பெற்ற உயர் ஆய்வுப் பட்டங்கள் இரண்டும் பொருளியல் துறையைச் சார்ந்தவை. நாணயம், வரி, அரசின் வரவு செலவு, மாகாண நிதி என்பனவே அவர் ஆய்ந்த பொருள்கள்.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப்பணி ஆற்றி வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அண்ணலின் வாழ்வை மாணவ வாழ்வு என்ற ஒரு கோணத்தில் மட்டும் ஈண்டு நோக்க விழைகின்றோம். வெளிநாடு சென்று பொருளியலும் நிதியியலும் மேற்படிப்பாகக் கற்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு அவ்வாழ்வைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை என்பது நம் கருத்து.

இளமையும் பள்ளிப் பருவமும்

அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாவ் என்னும் படைவீடு நகரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். தாயார் பீமாபாய். பதினான்காவது மகவு இவர். மகார் குலத்தில் பிறந்த காரணத்தால் சதாராவில் பள்ளியில் சேர்ந்த நாள்முதல் தனியே ஒரு கோணிச் சாக்கில் அமர வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறந்து பருக இயலாது. பணியாள் வந்து மேலிருந்து வார்த்தாலன்றித் தண்ணீர் இல்லை.

குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து பரேல் பகுதியில் ஒற்றை அறை வீட்டில் வாழ்ந்தது. இராம்ஜி அவர்கள் பின்னிரவில் மகனை எழுப்பிப் படிக்க வைப்பார். மகன் விரும்பிய நூல்களை வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணமான தம் பெண்மக்களிடம் நகையை இரவல் பெற்று அடகு வைத்துப் பணம் தேடுவார். எழுத்தறிவும் ஆங்கில அறிவும் கணக்கறிவும் வாய்ந்த அத்தந்தையே அண்ணலின் முதல் ஆசிரியர் எனலாம்.

1907ஆம் ஆண்டு எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் தேறினார். பெற்ற மதிப்பெண்கள் 750க்கு 282. ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலைக் கண்டு சோர்ந்து நிற்கும் மாணவர்களைக் காணும் தலைமையாசிரியர்களாகிய நாம், இந்த எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதி வைக்கலாம் என்று எண்ணுவதுண்டு. அன்று சமுதாயத்தார் கூடி அம்மாணவருக்குப் பாராட்டு விழா எடுத்தனர். அவ்விழாவில் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக அளித்தார். அந்த ஆசிரியரின் முயற்சியால் பின்னர் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவர்களின் உதவித்தொகை கிட்டியது. அத்தொகையைக் கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பி.ஏ. தேர்வில் வெற்றி கண்டார்.

நியூயார்க் நகரில்

1913ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தந்தையார் மறைந்தார். அத்துயரம் ஆறுமுன்னரே பரோடா அரசு சிலரை அமெரிக்காவிற்கு அனுப்ப முடிவு செய்தது. அம்பேத்கர் தெரிந்தெடுக்கப்பட்டார். மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை. படிப்பு முடித்துப் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிவதாக ஒப்பந்தம். 1913 ஜூன் 4ஆம் நாள் அதில் கையொப்பமிட்டார். ஜூலைத் திங்களில் நியூயார்க் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22. மணமாகி ஒரு மகனுக்குத் தந்தை. மனைவியார் இரமாபாய் பம்பாயிலேயே வறுமையோடு போராடினார். மாணவர் தம் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வீட்டிற்கும் அனுப்பினார்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் கணக்கு வியப்பூட்டுவது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, இவற்றோடு பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் தொடக்கப் பாடங்கள் ஒவ்வொன்று. ஆக அறுபது பாடங்கள். பொருளியலை நடுவில் வைத்து, அதனைச் சூழ்ந்த துறைகளையெல்லாம் அவர் சேர்த்தே கற்றார் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. வரியியலிலும் அரசு நிதியியலிலும் உலகப் புகழ் பெற்றிருந்த பேராசிரியர் எட்வின் செலிக்மன் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். தத்துவ அறிஞர் ஜான் டூயியின் வகுப்புகளும் அவர் சிந்தனையில் ஆழப் பதிந்தன.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியும் நிதியும் பற்றிய ஆய்வுரையை 1915 மே மாதம் எம்.ஏ. பட்டத்திற்கென எழுதினார். 1916 மே 9ஆம் நாள் மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றமும் அமைப்பும் குறித்துக் கட்டுரை படித்தார். ஊரில் பொதுக்குழாயைத் தொட உரிமையற்ற இளைஞர், அந்த ஊரின் அமைப்பையே ஆய்வுப் பொருளாக்கி அறிஞர் அவையில் எடுத்துரைத்தார்! ஓய்வு நேரமெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் கழிந்தது. அங்கிருந்த நாட்களில் அவர் சேர்த்த நூல்கள் ஏறக்குறைய 2000 என்பர்.

விடுதியில் அவரோடு தங்கிய நவல் பாத்தேனா என்னும் பார்சி இளைஞர் வாழ்நாள் நண்பரானார். வெளிநாட்டுக் கல்வியில் நட்பும் ஒரு செல்வம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தடைப்பட்ட கல்வி

1916ஆம் ஆண்டு அமெரிக்காவை விட்டு இலண்டன் சென்றார். பேராசிரியர் செலிக்மன் அங்குள்ள பொருளியல் பேராசிரியர் ஃபாக்ஸ்வெல்லுக்கு அறிமுகக் கடிதம் எழுதி உதவினார். அக்டோபரில் இலண்டன் பொருளியற் பள்ளியிலும், வழக்குரைஞர் பட்டத்திற்காகக் கிரேஸ் இன் என்னும் சட்டக் கூடத்திலும் சேர்ந்தார். ஓராண்டு கூட நிறைவுறவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்தது. நீட்டிப்புக் கிடைக்கவில்லை. விட்ட படிப்பை மீண்டும் வந்து தொடர்வதற்கு நான்காண்டு வரை அனுமதி பெற்றுக்கொண்டு, 1917இல் தாயகம் திரும்பினார். அது முதல் உலகப்போர்க் காலம். அவருடைய நூல்களும் பெட்டிகளும் ஏற்றப்பட்ட கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது.

ஒப்பந்தப்படி பரோடா சென்றார். கொலம்பியாவின் எம்.ஏ. பட்டம் பெற்ற அவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் தம்மை இன்னாரென்று வெளிப்படுத்தாது தங்கினார். சில நாட்களில் செய்தி வெளிப்பட்டது. தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் செய்தது. அலுவலகத்திலோ ஏவலர்கள் கோப்புகளைக் கையில் தராது மேசைமீது எறிந்தனர். ஒரு பொதுப் பூங்காவில் அமர்ந்து கண்ணீர் விட்டுப் பம்பாய்க்கு மீண்டார்.

படிப்பு எல்லாத் தளையையும் அறுத்துவிடும் என்று எளிதாகச் சொல்லுவோர் இந்நிகழ்ச்சியை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டம் மட்டும் அவரைக் காக்கவில்லை. பரோடாவில் பெற்ற அவமானத்திற்குப் பின்னும் விட்ட படிப்பை முடித்தே தீர்வது என்று அவர் கொண்ட உறுதிதான் அடுத்த அத்தியாயத்தைப் படைத்தது.

முதலீட்டு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் குலம் தெரிந்ததும் வாடிக்கையாளர் வரவு நின்றது. 1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். சம்பளம் மாதம் 450 ரூபாய். மாணவர் திரண்டு வந்து அவர் விரிவுரையைக் கேட்டனர். உடன் பணியாற்றிய ஆசிரியர் சிலரோ தங்கள் பானைத் தண்ணீரை அவர் பருகுவதை மறுத்தனர். அவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு சிக்கனமாக வாழ்ந்து ரூபாய் ரூபாயாகச் சேர்த்தார். அவ்வாண்டே இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். நிலம் துண்டுபட்டிருப்பது மட்டுமே உழவின் நோய் ஆகாது, முதலின்மையும் நிலத்தை நம்பி அளவுக்கு மிஞ்சிய மக்கள் இருப்பதுமே பெருங்காரணம், தொழில் வளர்ச்சியே மருந்து என்பது அக்கட்டுரையின் முடிபு.

மீண்டும் இலண்டன்

தம் சேமிப்பு, கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவி, நண்பர் பாத்தேனாவிடம் பெற்ற ஐயாயிரம் ரூபாய்க் கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920 ஜூலையில் மீண்டும் கப்பலேறினார். உதவித்தொகை ஏதும் இல்லை. விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும் வேளையில் நுழைந்து, மூடும்வரை படிப்பார். நண்பகல் உணவிற்குச் செலவிடவும் மனமிராது. இரவில் அறைக்குத் திரும்பி மீண்டும் படிப்பு. 1921ஆம் ஆண்டில் எம்.எஸ்ஸி. பட்டமும், 1922இல் வழக்குரைஞர் தகுதியும் பெற்றார். அந்நாட்களில் அவர் தங்கியிருந்த இலண்டன் இல்லத்தை 2015ஆம் ஆண்டு மகாராட்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது.

ரூபாயின் சிக்கல் என்னும் பொருள்பற்றி டி.எஸ்ஸி. பட்டத்திற்காக 1922 அக்டோபரில் ஆய்வேட்டை அளித்தார். பிரிட்டிஷ் ஆட்சியின் நாணயக் கொள்கையை அது கடுமையாகச் சாடியது. தேர்வாளர்கள் அதனை அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதுமாறு பணித்தனர். கையில் பணம் தீர்ந்தமையால் 1923இல் பம்பாய் திரும்பிய அவர், அங்கிருந்தே ஏட்டைச் செப்பனிட்டு அனுப்பினார். நடையை மாற்றினாரேயன்றித் தம் முடிவுகளைக் கைவிடவில்லை. அவ்வாண்டின் இறுதியில் பட்டம் வழங்கப்பட்டது. டிசம்பரில் அது நூலாகவும் வெளிவந்தது. பேராசிரியர் எட்வின் கானன் முன்னுரை எழுதினார். மாணவரின் முடிவுகளோடு முழுதும் உடன்படாத ஆசிரியர், அவருடைய வாதத்தின் புதுமையைப் பாராட்டினார் என்பது நோக்கத்தக்கது.

அந்நூல் கூறுவது யாது? 1870ஆம் ஆண்டுகளிலிருந்து வெள்ளியின் விலை வீழ்ந்தது. வெள்ளி நாணயமாகிய ரூபாயின் மதிப்பும் உடன் வீழ்ந்தது. 1893இல் அரசு மக்கள் கொணரும் வெள்ளியை நாணயமாக்கித் தருவதை நிறுத்தியது. பின்னர்த் தங்க மாற்று முறை என்பது உருவாயிற்று. புகழ்பெற்ற பொருளியலறிஞர் கெயின்ஸ் 1913இல் எழுதிய நூலில் அம்முறையை ஆதரித்தார். அம்பேத்கர் அதனை மறுத்தார். ரூபாயை வேண்டியவாறு அச்சிடும் அதிகாரம் ஆட்சியாளரிடம் இருக்குமட்டும், உள்நாட்டில் அதன் வாங்கும் ஆற்றல் நிலைக்காது என்றார். பணத்தின் மதிப்புக் குறைந்து விலைவாசி ஏறும்போது கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. எனவே ஏற்றுமதி வணிகர் பெறும் ஊதியத்தில் ஒரு பகுதி உழைப்பாளியின் வயிற்றிலிருந்து பறிக்கப்பட்டதே என்பதை எடுத்துக்காட்டினார். நாணயம் என்னும் வறண்ட பொருளில் கூலியாளின் கஞ்சிக் கலயத்தைக் கண்ட கண் அவருடையது.

கொலம்பியாவிற்கென எழுதிய ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி வளர்ச்சி என்பதாகும். 1833இல் நிதியதிகாரம் முழுவதும் நடுவண் ஆட்சியில் குவிந்தது முதல், 1871க்குப் பின் மாகாணங்களுக்குச் சிறிது சிறிதாகப் பகிரப்பட்ட வரலாற்றை அது ஆய்கின்றது. 1925இல் செலிக்மன் முன்னுரையோடு அது வெளிவந்தது. தம்மைப் படிக்க வைத்த பரோடா மன்னருக்கு அந்நூலைக் காணிக்கையாக்கினார். 1927இல் கொலம்பியா அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. நியூயார்க்கில் கால் வைத்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின் பெற்ற பட்டம் அது!

கற்றதன் பயன்

1925ஆம் ஆண்டு இந்திய நாணயம் பற்றி ஆராய வந்த ஹில்டன் யங் குழுவின்முன் அம்பேத்கர் சான்றுரை வழங்கினார். அக்குழு நாட்டிற்கு மத்திய வங்கி வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1935 ஏப்ரல் முதல் நாள் ரிசர்வ் வங்கி இயங்கத் தொடங்கியது. அவ்வங்கியை அம்பேத்கரே தனியொருவராகத் தோற்றுவித்தார் என்று சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அண்ணலின் புகழுக்கு மிகை வேண்டுவதில்லை. அவர் அக்குழுவின்முன் அறிஞராக அமர்ந்து வாதிட்டார் என்னும் மெய்யே நமக்குப் போதுமான பெருமை. நடுவணரசின் வரி வருவாயை மாநிலங்களோடு பகிரப் பரிந்துரைக்கும் நிதி ஆணையம் அரசியல் சட்டத்தின் 280ஆம் பிரிவில் இடம்பெற்றது. அச்சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவர், முன்னரே இப்பொருளை ஆழ்ந்து ஆய்ந்தவர் என்பதையும் உடன் நினைவில் கொள்ளுதல் தகும்.

தாம் ஏறிய ஏணியை அவர் பிறருக்கும் நிறுத்தினார். 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கச் செய்தார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நல உறுப்பினராக 1942 முதல் 1946 வரை இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு அரசின் பணம் ஒதுக்கப் போராடினார். பள்ளியிறுதிக்குப் பிந்தைய படிப்பிற்கான உதவித்தொகை 1944இல் தோன்றியது. வெளிநாட்டுப் படிப்பிற்கும் நம் மாணவர் சிலர் அனுப்பப்பட்டனர். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். 1952இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவரை அழைத்துச் சிறப்பு முனைவர் பட்டம் அளித்தது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் அப்பேரொளி மறைந்தது.

இவ்வரலாற்றில் இரமாபாய் அம்மையாரின் பங்கினை மறத்தல் நன்றன்று. கணவர் கடல் கடந்திருந்த காலமெல்லாம் குடும்பச் சுமையைத் தாங்கியவர் அவர். பிறந்த ஐந்து மக்களில் நால்வரை இளமையிலேயே இழந்தார். 1935இல் அவரும் மறைந்தார். அண்ணல் பெற்ற பட்டங்களுக்கு அந்த அன்னையின் பட்டினியும் விலையாயிற்று. பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பும் சமுதாயம், பின்னால் நிற்கும் குடும்பத்தையும் காக்கக் கடமைப்பட்டது.

இளைஞர்களுக்குச் சில சொற்கள்

இனி, இவ்வாழ்விலிருந்து நம் மாணவர் கொள்ளத்தக்கவை யாவை என நோக்குவோம்.

முதலாவது, பாடத் தேர்வு. அண்ணலின் காலத்தில் பொருளியல் பெரிதும் வரலாறும் வாதமுமாக இருந்தது. இன்றோ அது கணிதத்தில் ஊன்றி நிற்கின்றது. நுண்கணிதம், அணிக்கோவை, நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றை அறியாதவர் வெளிநாட்டில் பொருளியல் மேற்படிப்பு வகுப்பில் முதல் மாதத்திலேயே திணறுவர். நிதியியலும் அவ்வாறே. நம் பிள்ளைகளோ பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணக்கிற்கு அஞ்சி, அது இல்லாத பிரிவில் சேர்கின்றனர். வணிகப் பிரிவில் சேர்வோர் வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவையேனும் கேட்டுப் பெறுதல் வேண்டும். பதினைந்து வயதில் மூடிய கதவை இருபத்தொன்றில் திறப்பது அரிது.

இரண்டாவது, எழுத்து. அறுபது பாடங்கள் கற்ற அண்ணல் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டுரை எழுதினார். ஆங்கிலத் தகுதித் தேர்வில் மதிப்பெண் பெறுவது வாயிற்படியைக் கடப்பதே. உள்ளே சென்றபின் பிறர் கருத்தை அவர் பெயர் கூறி எடுத்தாள்வதும், தம் கருத்தைச் சான்றோடு நிறுவுவதும் வேண்டும். நெட்டுருப் போட்டு ஒப்பிக்கும் பழக்கம் அங்கே செல்லாது. திருத்தச் சொன்னால் சினமோ சோர்வோ கொள்ளாது, ரூபாய் நூலின் வரலாற்றை நினைந்து மீண்டும் எழுதுக.

மூன்றாவது, ஆசிரியரின் பரிந்துரை. செலிக்மன் எழுதிய கடிதம் இலண்டனின் கதவைத் திறந்தது. இன்றும் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைக் கடிதம் கேட்கின்றன. கல்லூரியில் பின்வரிசையில் ஒதுங்கியிருந்தால் எந்தப் பேராசிரியரும் நம்மை அறியார். வகுப்பில் வினவுங்கள், அறைக்குச் சென்று ஐயம் தெளியுங்கள்.

நான்காவது, பணக்கணக்கு. படிப்பு தொடங்குவதற்கு ஓராண்டிற்கு முன்னரே முயற்சி தொடங்க வேண்டும். இங்கிலாந்தில் முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. அமெரிக்காவில் பொதுவாக இரண்டாண்டு அளவில் அமையும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் பட்ட மாணவருக்குக் கட்டண விலக்கும் வாழ்க்கைச் செலவிற்கு உதவியும் உண்டு. பட்டியல் இனத்தவர்க்கு நடுவணரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டமும், தமிழ்நாடு அரசில் அண்ணல் பெயரால் அமைந்த அயலக உயர்கல்வித் திட்டமும் உள்ளன. அவற்றின் விதிகளும் கடைசி நாளும் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலின் அரசின் அறிவிப்பை நேரில் படித்தறிக. எந்த ஒப்பந்தத்திலும் அதன் நிபந்தனையைப் படிக்காது கையொப்பமிடற்க. உதவித்தொகை எந்த நாளில் முடிகின்றது, படிப்பு எந்த நாளில் முடிகின்றது என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அவ்விரு நாட்களின் இடைவெளியே 1917இல் அண்ணலைத் திருப்பி அனுப்பியது.

ஐந்தாவது, சங்கத்தாரின் கடமை. அரசின் உதவி கைக்கு வருமுன்னரே கடவுச்சீட்டு, தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், விமானச் சீட்டு எனச் செலவுகள் வந்துவிடுகின்றன. தகுதியிருந்தும் இந்த முதற்படியில் தடுக்கி நிற்கும் பிள்ளைகள் உண்டு. பாத்தேனா நீட்டிய ஐயாயிரம் ரூபாய் போன்று, திருப்பிச் செலுத்தும் கடனாக ஒரு சிறு நிதியை நம் சங்கம் ஏற்படுத்துமாயின், இவ்வெள்ளி விழாவிற்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் இராது. அரசு ஊதியம் பெறும் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஒரு நாள் சம்பளம் அளித்தால் போதும். நாமும் அதற்கு உடன்படுகின்றோம்.

நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் நம் மக்களுக்கென ஒதுக்கப்படும் தொகை எவ்வளவு, அதில் செலவானது எவ்வளவு, செலவாகாது திரும்பியது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கேட்க வல்லவர் நம்மிடையே மிகச் சிலரே. அக்கணக்கைப் படிக்கும் கல்வியைத் தேடித்தான் அண்ணல் இருமுறை கடல் கடந்தார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் அமர்ந்த நூலகங்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் அமர வேண்டும். அவர்கள் கற்று மீளும் நாளை எதிர்நோக்கி, இம்மலர் வழியே நம் இளைஞரை வாழ்த்துகின்றோம்.